பாவ்பாவ்: காட்டில் நிறைய, கடையில் இல்லை

அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி அக்டோபர் வரை, ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே மாதிரியான செய்தி வெளிவரும். மாம்பழமும் வாழைப்பழமும் கலந்தாற்போன்ற சுவையுள்ள பாவ்பாவ் என்ற பழம் ஒன்று உள்ளூர்க் காடுகளிலேயே காய்க்கிறது, அந்நாட்டு மண்ணுக்கே உரிய உண்ணத்தக்க பழங்களில் அதுவே மிகப் பெரியது, ஆனாலும் அங்குள்ளவர்களில் பெரும்பாலோர் அதைச் சுவைத்ததில்லை என்று அச்செய்தி சொல்லும். படிப்பவருக்கு இயல்பாகவே ஒரு கேள்வி எழுகிறது: அவ்வளவு நல்ல பழம் என்றால், அது ஏன் கடைக்கு வரவில்லை? மக்கள் அதை மறந்துவிட்டார்கள் என்பது வழக்கமாகத் தரப்படும் விடை. அந்த விடை தவறில்லை என்றாலும் போதுமானதாக இல்லை. மறதிக்கு முன்பே காரணங்கள் இருந்தன. அவை அந்த மரத்தின் பூவிலும் வேரிலும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பழம் கனியும் விதத்திலும் இருக்கின்றன. அவற்றை அடிப்படையிலிருந்து பார்த்தால்தான், இதைப் பயிராக்கும் முயற்சிகளில் எது நிற்கும், எது நிற்காது என்பது தெளிவாகும்.

எந்த மரம், எந்தக் குடும்பம்

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். பிரிட்டன், ஆஸ்திரேலியா, இலங்கை ஆகிய நாடுகளின் ஆங்கிலப் பேச்சில் பப்பாளியையும் இதே பெயரால் அழைப்பதுண்டு. இக்கட்டுரை பேசுவது பப்பாளியைப் பற்றி அன்று. அசிமினா டிரைலோபா என்று தாவரவியலார் குறிப்பிடும் வட அமெரிக்கக் காட்டு மரம் இது. சீத்தா, ராம்சீத்தா, முள் சீத்தா ஆகியவை சேர்ந்த அனோனேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தின் ஏனைய மரங்கள் ஏறத்தாழ அனைத்தும் வெப்ப மண்டலத்துக்கு உரியவை. உறைபனி விழும் நிலத்தில் வாழப் பழகிக்கொண்டது அசிமினா பேரினம் மட்டுமே என்று சொல்லலாம். அதிலும் பிற இனங்களில் பல, ஃபுளோரிடாவையும் அதை ஒட்டிய பகுதிகளையும் விட்டு வெளியே வராத சிறு புதர்கள். வடக்கே கனடாவின் தெற்கு ஒன்டாரியோ, தெற்கே ஃபுளோரிடாவின் வடபகுதி, மேற்கே கான்சஸ், நெப்ராஸ்கா மாநிலங்களின் கிழக்கு விளிம்பு வரை பரவி நிற்பது டிரைலோபா ஒன்றுதான்.

மரம் பெரிதாக வளர்வதில்லை; பெரும்பாலும் 5 முதல் 10 மீட்டர் உயரத்தோடு நின்றுவிடும். ஆற்றோரங்களிலும் ஈரம் தங்கும் பள்ளத்தாக்குகளிலும், ஓக் போன்ற உயர்ந்த மரங்களின் நிழலில் கூட்டம் கூட்டமாக நிற்கும். தொங்கும் நீண்ட இலைகளைக் கண்டால் குளிர்நாட்டு மரம் என்றே தோன்றாது. இலையுதிர் காலத்தில் அவை மஞ்சளாகி உதிர்ந்துவிடும்.

பழம் நீள்வட்ட வடிவில், 5 முதல் 15 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். காட்டு மரத்தின் பழம் 100 கிராமைத் தாண்டாமலும் இருக்கலாம். தேர்ந்தெடுத்த ரகங்களில் அரைக் கிலோவை எட்டும் பழங்களும் உண்டு. பச்சைத் தோல் கனியும்போது சற்றே மஞ்சள் பூக்கும், அவ்வளவுதான். உள்ளே மஞ்சளாகவோ வெளிர் நிறத்திலோ குழைவான சதை. அதில் இரு வரிசையாகப் பெரிய, தட்டையான பழுப்பு விதைகள். சீத்தாப்பழத்தில் இருப்பது போன்ற சுளைப் பிரிவு இதில் இல்லை. நன்கு கனிந்த பழத்தைக் குறுக்கே வெட்டிக் கரண்டியால் எடுத்து உண்பதே வழக்கம்.

மனிதர்கள் இதை உண்ட வரலாறு பழையது. 1541இல் ஸ்பானிய நாடுகாண் பயணி எர்னாண்டோ டி சோட்டோவின் படையோடு சென்றவர்கள் மிசிசிப்பிப் பள்ளத்தாக்கில் பழங்குடியினர் இப்பழத்தை உண்பதைக் கண்டு எழுதிவைத்தனர். ஷாவ்னி என்ற பழங்குடி மக்களின் ஆண்டுக் கணக்கில் செப்டம்பரை ஒட்டிய மாதம் பாவ்பாவின் பெயராலேயே வழங்குகிறது. மரத்தின் உட்பட்டையிலிருந்து கயிறு திரித்ததும் உண்டு. 1806 செப்டம்பரில், அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராயச் சென்ற லூயிஸ், கிளார்க் ஆகியோரின் பயணக் குழு மிசௌரி ஆற்றின் வழியே திரும்பியபோது உணவுப்பொருள் தீர்ந்துவிட்டது. வேட்டைக்கு நிற்காமல் வீடு திரும்பும் அவசரத்தில், அவர்கள் சில நாட்களைக் கரையோரத்துப் பாவ்பாவை உண்டே ஓட்டினர். மிசௌரி மாநிலம் 2019இல் இதைத் தன் பழமரமாக அறிவித்ததற்கும், ஓஹையோ 2009இல் தன் மண்ணுக்குரிய பழமாக ஏற்றதற்கும் பின்னால் இத்தகைய நினைவுகள் உள்ளன.

காடு நிறைய மரம், கை நிறையப் பழம் இல்லை

இப்பழம் அழிந்துகொண்டிருக்கிறது என்று சில செய்திகள் எழுதுகின்றன. பரப்பின் வடக்கு விளிம்பில் மரம் அரிதாக இருப்பது உண்மை. ஆனால் கிழக்கு அமெரிக்காவின் நடுப்பகுதிக் காடுகளில் நிலைமை நேர்மாறானது. அங்கு மான்களின் எண்ணிக்கை பெருகி, அவை மற்ற மரக்கன்றுகளை எல்லாம் மேய்ந்துவிடுகின்றன. பாவ்பாவ் இலையை மட்டும் தொடுவதில்லை. ஆகவே பல காடுகளில் கீழ்த்தட்டு முழுவதும் பாவ்பாவ் கன்றுகளே மண்டிக் கிடக்கின்றன. இருந்தும் நூறு மரம் நிற்கும் இடத்தில் பத்துப் பழம் கிடைக்காமல் போகலாம். இதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

1. வேர்க்கன்றுகளால் பெருகும் இயல்பு. ஒரு மரத்தின் கிடை வேர்களிலிருந்து புதுத் தண்டுகள் முளைத்து, சில பத்தாண்டுகளில் ஒரு தோப்பே உருவாகிவிடும். பார்ப்பதற்குப் பல மரங்கள். மரபணு அளவில் ஒரே மரம்.

2. தன் மகரந்தத்தை ஏற்காத பூ. பெரும்பாலான பாவ்பாவ் மரங்களில், அதே மரத்தின் மகரந்தத்தால் காய் பிடிப்பதில்லை. மரபணுவில் வேறுபட்ட இன்னொரு மரத்தின் மகரந்தம் வேண்டும். முதற் காரணத்தோடு இதைச் சேர்த்துப் பார்த்தால், ஒரு தோப்பு முழுவதும் ஏன் மலடாக நிற்கிறது என்பது விளங்கும்.

3. தேனீ வராத பூ. வசந்தத்தில் இலை துளிர்ப்பதற்கு முன்பே, கருஞ்சிவப்பு நிறத்தில், தலை கவிழ்ந்த சிறு மணிகளாகப் பூக்கள் தொங்கும். அழுகிய இறைச்சியை நினைவூட்டும் மெல்லிய வாடை அவற்றில் உண்டு. இந்நிறமும் வாடையும் ஈக்களையும் வண்டுகளையும் அழைப்பவை. குளிர் முழுதும் விலகாத அப்பருவத்தில் அவை போதிய அளவில் நடமாடுவதில்லை. வந்தாலும் மரத்துக்கு மரம் மகரந்தத்தை ஒழுங்காகக் கொண்டுசெல்வதில்லை.

இவற்றோடு நிழலும் சேர்ந்துகொள்கிறது. நிழலில் உயிர் வாழும் இம்மரம், நிறையக் காய்ப்பது வெயிலில்தான். எனவே காட்டைப் பார்த்து இதன் விளைச்சல் திறனை மதிப்பிடுவது தவறான அளவுகோல் ஆகும்.

தோட்டத்தில் இக்குறையைக் கையால் தீர்க்கிறார்கள். பூ விரிந்த முதற்கட்டத்தில் அதன் நடுவிலுள்ள சூலகமுடிகள் பச்சையாகப் பளபளத்து, ஒட்டும் தன்மையோடு இருக்கும். அப்போது அது பெண்நிலையில் உள்ளது. பின்னர் அவை பழுப்பேறி வாடிய பிறகே, அவற்றைச் சுற்றிப் பந்துபோல் அடர்ந்திருக்கும் மகரந்தப்பைகள் கலைந்து மஞ்சள் துகள் உதிரத் தொடங்கும். ஒரு மரத்தின் முதிர்ந்த பூவைச் சிறு கிண்ணத்தின் மேல் தட்டித் துகளைச் சேர்த்து, மென்மையான ஓவியத் தூரிகையால் வேறொரு ரகத்தின் பச்சைச் சூலகமுடியில் தடவினால் காய்ப்பு வெளிப்படையாகவே கூடுகிறது. ஒரு பூவில் பல சூலகங்கள் இருப்பதால், ஒரே காம்பில் கொத்தாகப் பல காய்கள் பிடிக்கும். அளவு மீறித் தடவினால் கிளை முறியும் அளவுக்குக் காய் தொங்கும் என்பதால், கைபட்ட மரத்தில் காய் கலைப்பதும் தேவைப்படும். நான்கைந்து மரம் வைத்திருப்பவருக்கு இது ஒரு காலை வேலை. ஏக்கர் கணக்கில் வைத்திருப்பவருக்குக் கட்டுபடியாகாது. அவர் வெவ்வேறு ரகங்களை அடுத்தடுத்து நட்டு, ஈக்களை நம்பியிருக்க வேண்டியதுதான்.

1916: ஒரே ஆண்டு, இரண்டு பழங்கள்

பாவ்பாவைப் பயிராக்கும் எண்ணம் புதிதன்று. 1916இல் அமெரிக்க மரபியல் சங்கம் நாடு தழுவிய ஒரு போட்டியை அறிவித்தது. மிகச் சிறந்த பழம் காய்க்கும் மரத்துக்கு 50 டாலர், மிகப் பெரிய மரத்துக்கு 50 டாலர் பரிசு. சிதறிக் கிடக்கும் நல்ல மரங்களைக் கண்டறிந்து, அவற்றிலிருந்து ஒட்டுக்கட்டியும் கலப்பினம் செய்தும் ஒரு வணிகப் பழத்தை உருவாக்கலாம் என்பது நோக்கம். ஓஹையோவின் அயர்ன்டன் பகுதியிலிருந்து வந்த பழம் பரிசு பெற்றது. கெட்டர் என்று பெயர் பெற்ற அந்த ரகத்தின் விதையிலிருந்து, தாவரவியலாளர் டேவிட் ஃபேர்சைல்டு தம் தோட்டத்தில் வளர்த்த மரம் அவர் பெயரிலேயே ஒரு ரகமாயிற்று.

அதே 1916இல்தான் நியூ ஜெர்சியின் வைட்ஸ்பாக் பண்ணையிலிருந்து, பயிரிட்டு விளைவித்த புளூபெர்ரி முதன்முறையாக விற்பனைக்குச் சென்றது. அதற்கு முன் புளூபெர்ரியும் காட்டில் பொறுக்கும் பழமே. வேளாண் துறையின் தாவரவியலாளர் ஃபிரெடரிக் கோவில் அதற்குப் புளிப்பு மண் வேண்டும் என்று கண்டறிந்தார். பண்ணை உரிமையாளரின் மகள் எலிசபெத் வைட், பெரிய காய் காய்க்கும் காட்டுப் புதர்களைக் காட்டித் தரும் உள்ளூர்க்காரர்களுக்குப் பணம் கொடுத்து அவற்றைத் தேடிச் சேர்த்தார். முறை ஏறக்குறைய ஒன்றே: காட்டில் சிறந்ததைத் தேடு, அதைப் பெருக்கு, கலப்பினம் செய். நூறு ஆண்டுகளுக்குப் பின் ஒன்று உலகச் சந்தையில் இருக்கிறது. மற்றது இன்னும் 'மறக்கப்பட்ட பழம்' என்ற பட்டத்தோடு செய்தியில் வருகிறது.

இந்த ஒப்பீடுதான் மறதி என்ற விளக்கத்தின் பற்றாக்குறையைக் காட்டுகிறது. புளூபெர்ரியைத் தண்டு வெட்டி வேர்பிடிக்கச் செய்ய முடிந்தது. பாவ்பாவ் தண்டு வேர்பிடிப்பதில்லை, ஒட்டுத்தான் கட்ட வேண்டும். புளூபெர்ரியைக் குளிர்ப்படுத்திப் பெட்டியில் அடுக்கி அனுப்ப முடிந்தது. பாவ்பாவை அப்படி அனுப்ப முடியவில்லை. விதையிலிருந்து வளர்த்த பாவ்பாவ் காய்க்க 5 முதல் 8 ஆண்டுகள் ஆகும் என்பதால், ஒரு தலைமுறைக் கலப்பினத்தின் முடிவைப் பார்ப்பதற்குள் பத்தாண்டு போய்விடும். ஒரு மனிதர் தம் வாழ்நாளில் மூன்று நான்கு தலைமுறை மரங்களுக்கு மேல் பார்க்க முடியாது. பென்சில்வேனியாவில் மிகப் பெரிய ரகத் தொகுப்பை வைத்திருந்த மருத்துவர் ஜார்ஜ் சிம்மர்மன் 1941இல் இறந்ததும், அவருடைய உழைப்பு அப்படியே நின்றுவிட்டது. தொடர்ச்சியாகப் பொறுப்பேற்க நிறுவனம் எதுவும் இல்லாத பயிர் இவ்வாறுதான் பின்தங்கும்.

அறுந்த இழையை மீண்டும் பிடித்தவர் நீல் பீட்டர்சன். மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் தாவர மரபியல் படித்துக்கொண்டிருந்த அவர் 1975இல் முதன்முதலாக இப்பழத்தை உண்டார். பழைய போட்டியிலும் தொகுப்புகளிலும் இருந்த மரங்களின் எச்சங்களைத் தேடிச் சென்று விதை சேர்த்து, மேரிலாண்டில் ஏறத்தாழ 1,500 மரங்களை வளர்த்து, அவற்றிலிருந்து விரல்விட்டு எண்ணத்தக்க சிலவற்றை மட்டும் தேர்ந்தெடுத்தார். ஷெனண்டோவா, சஸ்கெஹானா, ராப்பஹானக், அலெகெனி, போட்டோமாக், வாபாஷ் என்று அவற்றுக்கு ஆறுகளின் பெயர்களை வைத்தார். காட்டுப் பழத்தில் விதையே கணிசமான எடையைப் பிடித்துக்கொள்ளும். இவற்றில் சிறந்தவற்றில் அது பழ எடையின் பத்திலொரு பங்கையும் எட்டுவதில்லை. சதை கெட்டிப்பட்டு, கசப்பான பின்சுவை நீங்கியது.

கென்டக்கி மாநிலப் பல்கலைக்கழகம் 1990இல் பாவ்பாவ் ஆய்வைத் தொடங்கியது. 1994 முதல் அசிமினா பேரினத்துக்கான தேசிய மரபுவளச் சேமிப்பு நிலையமும் அங்கே இருக்கிறது. அட்வுட், பென்சன், சாப்பெல் ஆகிய ரகங்கள் அங்கிருந்து வெளிவந்தவை. உலகில் இப்பயிருக்கென்று முழுநேர ஆய்வு நடக்கும் இடங்களில் முதன்மையானது என்று அதைச் சொல்லலாம்.

இரண்டு மூன்று நாள் பழம்

என் மதிப்பீட்டில் மற்றத் தடைகள் அனைத்தும் இதற்கு அடுத்தவையே. பாவ்பாவ், மாம்பழத்தைப் போலப் பறித்த பிறகும் கனியும் வகையைச் சேர்ந்தது. ஆனால் மாங்காயை முற்றிய நிலையில் பறித்து வைக்கோலில் வைத்துப் பழுக்க வைப்பது போல் இதைச் செய்ய இயலாது. கெட்டியாக இருக்கும்போது பறித்த பாவ்பாவ் கனிவதே இல்லை, கறுத்துப்போகும். கனியத் தொடங்கிய பிறகே பறிக்க வேண்டும். அந்நிலையில் பறித்தவுடன், பழுக்கவைக்கும் எத்திலீன் வாயுவின் உற்பத்தியும் சுவாசமும் உச்சத்துக்கு ஏறி, அறை வெப்பநிலையில் இரண்டு மூன்று நாட்களில், அதிகம் போனால் ஐந்தாறு நாட்களில், பழம் குழைந்துவிடுகிறது. 4 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்தால் மூன்று அல்லது நான்கு வாரம் தாங்கும். அதற்கு மேல் வைத்தால் உட்சதை பழுப்பேறிச் சுவை கெடும்.

இதனால் ஏற்படும் விளைவுகள் பறிக்கும் வேலையிலேயே தொடங்குகின்றன. நிறத்தைப் பார்த்துக் கனிந்ததை அறிய முடியாது. பல ரகங்களில் தோல் கடைசிவரை பச்சையாகவே இருக்கும். ஒவ்வொரு பழத்தையும் கையில் ஏந்திக் கட்டைவிரலால் மெல்ல அழுத்த வேண்டும். சற்றே இளகி, இலேசாக இழுத்ததும் காம்பிலிருந்து விடுபட்டால் அது பறிக்கத்தக்கது. அழுத்தம் கூடினால் அந்த விரல் தடமே மறுநாள் கரும்புள்ளியாகத் தெரியும். ஒரு மரத்தின் பழங்கள் ஒரே நாளில் கனிவதும் இல்லை. இரண்டு மூன்று வாரங்களுக்குச் சிறிது சிறிதாகக் கனியும் என்பதால், அறுவடைக் காலத்தில் ஒரே மரத்தை நாள்தோறுமோ ஒருநாள் விட்டு ஒருநாளோ சுற்றி வர வேண்டும். தவறவிட்டால் பழம் தானாக விழும். விழுந்த பழத்துக்கு ரக்கூன், ஒபோசம், நரி ஆகியவை காத்திருக்கும்.

இப்படிப்பட்ட பழம் பேரங்காடியின் விநியோக ஒழுங்குக்குள் பொருந்தாது. அங்கே பழம் பண்ணையிலிருந்து கிடங்குக்கும், கிடங்கிலிருந்து கடைக்கும், கடையில் அடுக்கிலிருந்து வாங்குபவர் கைக்கும் செல்லும் ஒவ்வொரு கட்டமும் ஓரிரு நாளை விழுங்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மத்திய அமெரிக்காவிலிருந்து பச்சை வாழைத்தார்களைக் கப்பலேற்றி அமெரிக்க நகரங்களில் பழுக்கவைத்து விற்கும் வணிகம் வளர்ந்தபோது, மலிவாகவும் ஆண்டு முழுவதும் கிடைக்கும் பழத்தோடு, செப்டம்பரில் சில வாரம் மட்டும் தலைகாட்டும் உள்ளூர்ப் பழம் போட்டியிட வழியே இருக்கவில்லை. கிராமத்தை விட்டு நகரத்துக்குக் குடிபெயர்ந்தவர்கள் காட்டில் பழம் பொறுக்கும் பழக்கத்தையும் விட்டார்கள். மறதி வந்தது அதன் பிறகே.

நட விரும்புவோர் அறிய வேண்டியவை

குளிர்காலத்தில் உறக்க நிலைக்குச் சென்று, நீண்ட குளிரைப் பெற்ற பிறகே மரம் ஒழுங்காகத் துளிர்த்துப் பூக்கும். ஆகவே தமிழகச் சமவெளியிலோ யாழ்ப்பாணத்திலோ இது காய்க்கும் என்று எதிர்பார்த்து விதை வரவழைப்பது வீண். அங்கே அதன் உறவினர்களான சீத்தாக்களே உரிய பயிர். மாறாக நியூ ஜெர்சி, வர்ஜீனியா, தெற்கு ஒன்டாரியோ ஆகிய இடங்களில் வீட்டுத் தோட்டம் வைத்திருக்கும் தமிழர்களுக்கு இது மண்ணோடு ஒத்த மரம். அவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. விதை காயக் கூடாது. பழத்திலிருந்து எடுத்த விதையைக் கழுவி, ஈரமான பாசியில் சுற்றி, உறைய விடாமல் குளிர்சாதனப் பெட்டியில் 70 முதல் 100 நாட்கள் வைக்க வேண்டும். சில நாட்கள் வெயிலில் காய்ந்த விதை முளைக்காது. வெண்டை விதை, அவரை விதை சேர்த்துப் பழகியவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள்.

2. மண்ணுக்கு மேல் துளிர் தெரியும் முன்பே ஆணிவேர் ஆழமாக இறங்கிவிடும். எனவே ஆழமான தொட்டி வேண்டும். மாற்றி நடும்போது, எளிதில் முறியும் அந்த வேரைக் குலைக்கக் கூடாது. காட்டிலிருந்து கன்றைப் பிடுங்கி வந்து நடும் முயற்சி பெரும்பாலும் தோல்வியில் முடிவதற்குக் காரணமும் இதுவே: பிடுங்கியது தனிக் கன்றாக இருப்பதில்லை, தாய்மரத்தின் கிடைவேரில் ஒட்டிய, தனக்கென்று போதிய வேரில்லாத தண்டாக இருக்கும்.

3. இளங்கன்று நேரடி வெயிலைத் தாங்காது. முதல் ஓரிரு ஆண்டுகள் நிழல்வலை வேண்டும். அதன் பின் முழு வெயில் வேண்டும்.

4. ஒட்டுக்கன்று வாங்குவதே உத்தமம். விதைக்கன்று 5 முதல் 8 ஆண்டில் காய்க்கும். அதன் பழம் தாய்மரத்தைப் போலவே இருக்கும் என்ற உறுதியும் இல்லை. ஒட்டுக்கன்று 3 அல்லது 4 ஆண்டில் காய்ப்புக்கு வரும். ஒட்டுக்குக் கீழே வேரிலிருந்து முளைக்கும் தண்டுகளை அவ்வப்போது நீக்கிவிட வேண்டும். விட்டுவிட்டால் சில ஆண்டுகளில் எது ஒட்டு, எது காடு என்று தெரியாது.

5. குறைந்தது இரண்டு வெவ்வேறு ரகங்கள் தேவை. ஒரே ரகத்தில் பத்து ஒட்டுக்கன்று நட்டாலும் அவை ஒரே மரத்துக்குச் சமம்.

6. நீர் தேங்காத, சற்றே புளிப்பான மண். முதல் ஆண்டுகளில் நீர் தவறக் கூடாது. வசந்தகாலப் பிற்பனி பூவைக் கருக்கிவிடும் என்பதால் தாழ்வான பனிக்குழிகளைத் தவிர்ப்பது நல்லது.

பூச்சி, நோய்த் தொல்லை ஒப்பீட்டளவில் குறைவு. பூக்காம்பைத் துளைக்கும் டால்போனியா என்ற அந்துப்பூச்சியின் புழு சில ஆண்டுகளில் பூவை உதிர்த்துவிடும். ஃபில்லோஸ்டிக்டா பூஞ்சை ஈரமான பருவத்தில் இலையிலும் பழத்திலும் கரும்புள்ளி இட்டு, பழத்தோலை வெடிக்கச் செய்யும். வரிக்குதிரை போன்ற கறுப்பு வெள்ளைக் கோடுகளுடைய ஸீப்ரா ஸ்வாலோடெயில் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் இம்மரத்தின் இளந்துளிர்களை மேயும். அவற்றுக்கு அசிமினாவைத் தவிர வேறு உணவு கிடையாது; மரத்துக்கு அவற்றால் பெரிய சேதமும் கிடையாது. மருந்தடித்து அவற்றைக் கொல்வதற்கு எந்த நியாயமும் இல்லை.

அசிட்டோஜெனின் பற்றிய கேள்வி

மான் ஏன் இவ்விலையைத் தொடுவதில்லை என்ற கேள்விக்கான விடையே இப்பழத்தைச் சுற்றியுள்ள மற்றொரு குழப்பத்துக்கும் அடிப்படை. அனோனேசியே குடும்பத்து மரங்களில் அசிட்டோஜெனின் எனப்படும் வேதிப்பொருள்கள் உள்ளன. உயிரணுவின் ஆற்றல் உற்பத்தி மையமான மைட்டோகாண்ட்ரியாவில் முதற்கட்ட வினையை அவை தடுக்கின்றன. பட்டையிலும் சுள்ளியிலும் விதையிலும் மிகுதி. பழச்சதையிலும் ஓரளவு உண்டு. பர்டூ பல்கலைக்கழகத்தில் ஜெர்ரி மெக்லாக்லின் குழுவினர் இவற்றைப் பூச்சிக்கொல்லியாகவும் புற்றுநோய் எதிர்ப்புப் பொருளாகவும் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். ஆய்வகக் கண்ணாடிக் குடுவையில் புற்றணுக்களைக் கொன்ற அந்தச் செய்திதான், பின்னர் முள் சீத்தா இலைக் கஷாயம் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்ற வாட்ஸ்அப் செய்தியாகத் தமிழ்நாடு வரை வந்து சேர்ந்தது. மனிதர்களிடம் அதை நிறுவிய மருத்துவச் சோதனை கிடையாது.

எதிர்த்திசைச் சான்றும் இருக்கிறது. கரீபியன் தீவான குவாதலூப்பில், வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத பார்க்கின்சன் வகை நோய் வழக்கத்துக்கு மாறாக மிகுந்திருப்பதை 1999இல் வெளியான ஓர் ஆய்வு சுட்டி, முள் சீத்தாப் பழத்தையும் இலைத் தேநீரையும் தொடர்ந்து உட்கொள்வதோடு அதைத் தொடர்புபடுத்தியது. அனோனாசின் என்ற அசிட்டோஜெனின் பாவ்பாவ் சதையிலும் இருப்பதும், ஆய்வகத்தில் வளர்த்த எலி நரம்பணுக்களுக்கு அது நஞ்சாவதும் பின்னர் காட்டப்பட்டன. இவற்றைக் கொண்டு, பருவத்தில் சில பழங்களை உண்பது ஆபத்து என்று முடிவு கட்ட முடியாது. ஆண்டு முழுவதும் நாள்தோறும் கூழாகவோ இலைத் தேநீராகவோ மாத்திரையாகவோ உட்கொள்வது உசிதம் என்றும் சொல்ல முடியாது. ஒரு பழத்தை 'சூப்பர் உணவு' என்று விற்கும் ஆசை இங்கே தெளிவாகவே தீங்கானது.

நடைமுறைக்கு வேண்டியவை எளியவை. விதையும் தோலும் உண்ணத்தக்கவை அல்ல. சிலருக்கு இப்பழம் குமட்டலோ வாந்தியோ தோல் அரிப்போ தரும். முதன்முறை உண்பவர் சில கரண்டியோடு நிறுத்திப் பார்ப்பது நல்லது. உலர்த்திய சதையும் நெடுநேரம் காய்ச்சிய சதையும் வயிற்றைப் புரட்டுவதாகப் பலர் கண்டிருப்பதால், மாம்பழத் திரை போல் இதை உலர்த்தி வைக்க வேண்டாம் என்றே கென்டக்கி ஆய்வாளர்கள் எச்சரிக்கிறார்கள்.

எந்தச் சந்தை?

மேற்சொன்ன அனைத்தையும் கூட்டிப் பார்த்தால், பாவ்பாவுக்குத் திறந்திருக்கும் வழிகள் சிலவே.

1. பண்ணை வாசலிலும் உழவர் சந்தையிலும் நேரடி விற்பனை. காலையில் பறித்ததை அன்றே, அதிகம் போனால் மறுநாளே விற்பது. ஆர்வத்தால் வாங்குபவர்கள் நல்ல விலை தருகிறார்கள். ஆனால் பருவம் சில வாரமே. ஓர் ஊர்ச் சந்தை எவ்வளவு வாங்கும் என்பதற்கு எல்லை உண்டு.

2. உறையவைத்த பழக்கூழ். ஓஹையோவின் ஆல்பனி வட்டாரத்தில் வளர்ந்த வழி இது. 1999 முதல் அங்கு நடந்துவரும் பாவ்பாவ் திருவிழாவும், இப்பழத்தைச் சேர்த்து மது வடிக்கும் சிறு பியர் ஆலைகளும் கூழுக்கு நிலையான தேவையை உண்டாக்கின. ஐஸ்கிரீம், கேக், குளிர்பானம் ஆகியவற்றுக்கும் கூழ் போகிறது. பழத்தின் வடிவம் கெட்டாலும், கரும்புள்ளி விழுந்தாலும் இங்கே பயன்படும்.

3. குளிர்ச்சங்கிலியில், அதாவது வழிநெடுகக் குளிரிலேயே வைத்து, தனிப் பெட்டியாக அனுப்புவது. கெட்டிச் சதையுள்ள ரகங்களை ஒவ்வொன்றாகச் சுற்றி, ஓரிரவில் சேரும்படி அனுப்புகிறார்கள். அனுப்பும் செலவு சில சமயம் பழத்தின் விலையை மிஞ்சிவிடும். இதை வணிகம் என்பதைவிட விளம்பரம் என்பதே பொருத்தம்.

எனக்கு இரண்டாவதே உறுதியான வழியாகத் தெரிகிறது. ஆனால் அதிலும் ஒளிந்திருக்கும் வேலை உண்டு. சதையிலிருந்து விதையையும் தோலையும் பிரிப்பது பெரும்பாலும் கைவேலை. எந்திரத்தில் இட்டு விதை நொறுங்கினால் கசப்பும் நச்சுத்தன்மையும் கூழில் கலந்துவிடும். கூழ் காற்றுப்பட்டுப் பழுப்பேறும் முன் உறையவைக்க வேண்டும். சூடாக்கினால் மணம் பறந்துவிடும் என்பதால் வெப்பப் பதப்படுத்தல் எளிதில் உதவாது. புட்டியில் அடைத்து அலமாரியில் வைப்பதற்கும் இது ஏற்றதன்று: சதையில் புளிப்பு மிகக் குறைவு, pH அளவு (இது கூடினால் அமிலம் குறைவு என்று பொருள்) 4.6க்கு மேல் இருப்பதால், அமிலம் சேர்க்காமல் புட்டியில் அடைத்தால் பொட்டுலிசம் என்ற கொடிய உணவு நச்சை உண்டாக்கும் நுண்ணுயிர் அதில் வளர இடமுண்டு. வீட்டில் ஜாம் செய்பவர்களுக்கும் இது பொருந்தும்.

ரகத் தேர்விலும் இந்தச் சந்தைப் பிரிவு எதிரொலிக்க வேண்டும். கையில் கொடுத்து விற்பவருக்குப் பெரிய, அழகான, மணம் மிகுந்த பழம் வேண்டும். கூழ் எடுப்பவருக்கு விதை குறைவும் சதை விழுக்காடும் முக்கியம், தோற்றம் ஒரு பொருட்டன்று. ஆயினும் இதுவரை வெளிவந்த எந்த ரகமும் பறித்த பின் கனியும் வேகத்தை அடிப்படையில் மாற்றிவிடவில்லை. கெட்டிச் சதை ஓரிரு நாளைக் கூட்டித் தந்திருக்கிறது, அவ்வளவே. ஆகவே இன்று ஓர் ஏக்கர் நடுபவர், நான்காம் ஆண்டு செப்டம்பரில் சில வாரத்துக்குள் தம் கையில் குவியப்போகும் பழத்தை எடுத்துவைக்கக் குளிரறையும் உறைபெட்டியும், அதைப் பிரித்தெடுக்கும் ஆட்களும், கூழை வாங்கிக்கொள்ளும் ஐஸ்கிரீம்காரரோ பியர் ஆலையோ யார் என்ற பேச்சும் கன்று வாங்கும் செலவோடு சேர்த்தே கணக்கில் கொள்ள வேண்டும்.